வாரங்களில் விடுப்பு, மணிக்கணக்கில் பால்: வேலைக்குத் திரும்பும் தாய்மார்களுக்கு எது தேவை?

தாய்ப்பாலையும் பெண்களின் வேலையையும் சேர்த்துப் பேசும்போது முதலில் எழும் கேள்வி, பேறுகால விடுப்பு எத்தனை வாரம் என்பதே. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம் கொடுத்த 12 வாரம், 2017-இல் 26 வாரமாக உயர்ந்தது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2011-இல் 6 மாதம், 2016-இல் 9 மாதம் என்று விடுப்பை நீட்டி, 2021 ஜூலை 1 முதல் 12 மாதம் வழங்கி வருகிறது. இவை மதிக்கத்தக்க முன்னேற்றங்கள். ஆனால் விடுப்பு எவ்வளவு நீண்டாலும் ஒரு நாள் முடிந்துவிடும். அன்று தாய்க்குப் பால் சுரப்பதும் நிற்பதில்லை, குழந்தையின் பசியும் நிற்பதில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் சில வாரங்களில் தாய்க்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அவர் தொடர்ந்து பாலூட்டுவாரா, கைவிடுவாரா என்பது பெரும்பாலும் முடிவாகிறது. அந்த வாரங்களுக்கான ஏற்பாட்டில்தான் நம் சட்டமும் பணியிடங்களும் மிகவும் பின்தங்கியிருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ளப் பால் சுரக்கும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். குழந்தை மார்பில் வாய்வைத்துச் சப்பும்போது தாயின் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை வெளியிடுகிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்ஸிடோசின் உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. சுரப்பின் அளவைத் தீர்மானிப்பது, மார்பிலிருந்து பால் எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு முழுமையாக எடுக்கப்படுகிறது என்பதுதான். பால் வெளியேறினால் மேலும் சுரக்கும். தேங்கி நின்றால், சுரப்பைக் குறைக்கும்படியான மாற்றம் மார்பிலேயே நிகழும். காலை ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மாலை ஏழு மணிக்குத் திரும்பும் ஒரு தாய், இடையில் ஒருமுறைகூடக் குழந்தைக்குப் பால் கொடுக்கவோ பாலைப் பீய்ச்சி எடுக்கவோ முடியாமல் போனால், முதல் நாளே மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்கிறது. வலியும் சில வேளைகளில் காய்ச்சலும் வருகின்றன. பிறகு சில நாட்களில் அந்தக் கனம் தானாகவே குறைகிறது. நிம்மதி போலத் தோன்றும் அந்தக் கட்டத்தில்தான் சுரப்பு குறையத் தொடங்கியிருக்கும். குழந்தை மாலையில் அழுகிறது, வீட்டில் உள்ளவர்கள் ‘பால் பத்தவில்லை’ என்கிறார்கள், பால் பவுடர் டப்பா வருகிறது, குழந்தை மார்பில் குடிப்பது மேலும் குறைகிறது, அதனால் சுரப்பும் மேலும் குறைகிறது. தாயின் உடலில் எந்தக் குறையும் இல்லாதபோதே, வேலை நேரத்தின் அமைப்பு அவரைப் பாலில்லாதவராக ஆக்கிவிடுகிறது. பழியை அவர் தலையில் சுமத்துவது பெரிய அநீதி.

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். அதன் பிறகு வீட்டு உணவுடன் 2 வயது வரையும் அதற்கு அப்பாலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலகெங்கும் இது முறையாக நடந்தால் ஆண்டுக்கு 8,20,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்பது அந்நிறுவனம் எடுத்துரைக்கும் கணக்கு. இந்தப் பரிந்துரையைச் சட்டத்தின் அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு விரிசல் தெரிகிறது. 26 வாரம் என்பது 6 மாதம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த 26 வாரத்தில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டு செய்யும் வேலையில் இருப்பவர்களுக்கும், இரத்தசோகையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கும் அந்த 8 வாரம் தவிர்க்க முடியாத தேவை. அப்படி எடுத்தவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதத்துக்குச் சற்று மேல். உடல் நலிந்து முன்கூட்டியே விடுப்பில் செல்ல வேண்டியிருந்த பெண்ணே குழந்தையை விட்டு முன்கூட்டியே பிரிய வேண்டியிருக்கிறது. இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்கு விடுப்பு 12 வாரம் மட்டுமே. மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்குப் பால் குறைவாகப் போதும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டின் நிலைமை இங்கே தனிக் கவனத்துக்குரியது. இந்தியாவின் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். திருப்பூரின் பனியன் கம்பெனிகள், ஆம்பூர், இராணிப்பேட்டை பகுதிகளின் காலணி ஆலைகள், ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஆலைகள், திண்டுக்கல், கோவை வட்டாரத்தின் நூற்பாலைகள் எல்லாம் இளம் பெண்களின் உழைப்பால் நடப்பவை. பிரசவங்களில் ஏறத்தாழ எல்லாமே மருத்துவமனைகளில்தான் நிகழ்கின்றன. அப்படியிருந்தும், 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் இந்திய அளவில் ஏறத்தாழ 64 விழுக்காடாக இருக்கையில், தமிழ்நாட்டில் அது 55 விழுக்காடே. பொதுச் சுகாதாரத்தில் முன்னணியில் நிற்கும் ஒரு மாநிலம் இதில் மட்டும் நாட்டின் சராசரிக்குக் கீழே இருப்பதற்குக் காரணங்கள் பல. இங்கே நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் முடிகின்றன. தொடக்க நாட்களில் பாலூட்டுவது அதனால் சிரமமாகிறது. வேலையையும் அக்காரணங்களுள் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது என்பது என் கருத்து.

வேலைக்குத் திரும்பிய தாய்க்குச் சட்டம் எதுவுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. 1961 சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல், பாலூட்டுவதற்காக நாளொன்றுக்கு இரண்டு இடைவேளைகளைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதைத் தக்கவைத்திருக்கிறது. ஆனால் அந்த இடைவேளை எத்தனை நிமிடம் என்பதைச் சட்டம் சொல்லாமல் விதிகளின் பொறுப்பில் விட்டது. சுரங்கங்களுக்காக ஒன்றிய அரசு 1963-இல் வகுத்த விதிகளில் அது 15 நிமிடம். காப்பகத்துக்குப் போய்வரச் சில நிமிடம் கூடுதல். ஒரு கைக்குழந்தையைத் தூக்கி, மடியில் கிடத்தி, இரண்டு பக்கமும் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, மீண்டும் தொட்டிலில் விடுவதற்கு 15 நிமிடம் போதாது என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். 1919-இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு தன் மூன்றாவது உடன்படிக்கையிலேயே அரை மணி நேர இடைவேளை இரண்டைக் கேட்டிருந்தது. நூறாண்டுக்கு முன்பு கேட்கப்பட்டதில் பாதியே இங்கே விதியானது.

இலங்கையை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கே தனியார் துறைப் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 84 நாள் மட்டுமே. நம் 26 வாரத்தில் பாதிக்கும் குறைவு. ஆனால் அந்நாட்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள தாய்க்கு 9 மணி நேர வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளைத் தருகிறது. பணியிடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது அரை மணி, காப்பகம் இல்லாவிட்டால் குறைந்தது ஒரு மணி. காப்பகம் கட்டாத முதலாளி கூடுதல் நேரம் கொடுத்தாக வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டில் நல்ல நுட்பம் இருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்ற அளவீட்டில் 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கை 82 விழுக்காட்டை எட்டியிருந்தது. அதன் பெருமை முழுவதையும் இடைவேளைச் சட்டத்துக்குக் கொடுப்பது தவறாகும். வீடுவீடாகச் சென்று தாய்மாரைப் பார்க்கும், மருத்துவமாதுக்கள் எனப்படும் பேறுகாலச் செவிலியரின் பணிக்கு அதில் பெரும்பங்கு உண்டு. என்றாலும், விடுப்பின் நீளம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அந்நாடு போதிய சான்று.

இடைவேளை கிடைத்தாலும் குழந்தை அருகில் இருக்க வேண்டுமே. அங்கேதான் காப்பகம் பற்றிய சட்டங்கள் வருகின்றன. 30-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கான அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறை, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு இதே கடமையை விதித்தது. 2017-ஆம் ஆண்டின் திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் எந்த நிறுவனமும் காப்பக வசதி செய்ய வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று வரலாம் என்றது. தேயிலைத் தோட்டத்தில் இது ஓரளவு நடந்ததற்குக் காரணம், அங்கே வீடும் வேலையும் ஒரே மலையில் இருப்பதுதான்.

திருப்பூரில் அப்படியில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்களைக் கம்பெனி வேன்கள் விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு வருகின்றன. நெரிசலான அந்த வேனில் கைக்குழந்தையோடு ஏற எந்தத் தாயும் துணிவதில்லை. ஆலையில் காப்பகம் இருந்தாலும் குழந்தை வந்து சேராது. கிராமத்தில் பாட்டியிடம் விட்டுவந்தால் பாலூட்டும் இடைவேளைக்குப் பயனில்லை. இது தவிர, தையல் லைனில் ஒருவர் எழுந்து போனால் அடுத்தவர் கைக்கு வேலை வராது. பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கூலி. ஷிப்ட் கணக்கில் உழைப்பவருக்கு டார்கெட் என்னும் நெருக்கடி. ஆர்டர் நெருங்கும்போது ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம், வழக்கமாகிவிடுகிறது. சட்டத்திலுள்ள இடைவேளையைக் கேட்கத் தயங்கும் பெண்ணைக் குறைசொல்வதற்கு முன் இந்த நிலைமையை எண்ணிப்பார்க்க வேண்டும். இடைவேளை அவருக்கு உரிமை, ஆனால் அதன் விலையை அவர் கூலியிலும், பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவரின் முகச்சுளிப்பிலும் செலுத்த வேண்டியிருக்கிறது.

குழந்தை அருகில் இல்லாத தாய்க்கு மிஞ்சும் வழி, பாலைப் பீய்ச்சி எடுத்துச் சேமிப்பது. இதைப் பற்றி நம்மிடையே போதிய அறிவு பரவவில்லை என்பது வருத்தத்துக்குரியது. சோப்பால் கழுவிய கையாலேயே பாலை எடுக்கலாம்; விலை உயர்ந்த பம்ப் கட்டாயமில்லை. எடுத்த பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை இருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் ஊர்ப் பணியிடங்களின் வெப்பம் 25 டிகிரியில் நிற்பதில்லை என்பதால், மூடியுள்ள சுத்தமான பாத்திரமும் ஐஸ் வைத்த சிறு பெட்டியும் தேவைப்படுகின்றன. குளிரவைத்த பாலை அடுப்பில் கொதிக்கவைக்கக் கூடாது. பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும். குழந்தைக்குக் கொடுக்கப் பாட்டில் வேண்டியதில்லை. நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் சங்கும் பாலாடையுமே இதற்கு உகந்தவை. இடுக்குகளில் பால் தங்கி அழுக்குச் சேரும் பாட்டிலைவிடக் கழுவுவதற்கு எளியவை என்பதோடு, பாட்டில் காம்புக்குப் பழகிய குழந்தை தாயின் மார்பை மறுக்கும் தொல்லையும் இவற்றில் குறைவு. குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்ட மருத்துவர்களே பாலாடையைப் பயன்படுத்துகிறார்கள்.

இதற்குப் பணியிடத்தில் தேவைப்படுபவை மிகச் சில: உள்ளே தாழிடக்கூடிய ஓர் அறை, ஒரு நாற்காலி, குழாயும் சோப்பும், ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி. கழிப்பறைக்குள் நின்று பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு வருவதுதான் பல பெண்களுக்கு இன்று வாய்த்திருக்கும் வழி. குழந்தை குடிக்க வேண்டிய பாலை வலி தாங்காமல் சாக்கடையில் விடுவதைப்போல் ஒரு தாயை நோகச்செய்வது வேறில்லை. 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது, பொது இடத்தில் தாய்க்கு ஒரு மூலையை ஒதுக்க வேண்டும் என்பதை அரசே ஏற்றதற்கு அடையாளம். பயணம் செய்யும் தாய்க்கு அது உதவும். நாள் முழுவதும் ஓரிடத்தில் வேலை செய்பவருக்கு அதே அறை அவர் வேலை செய்யும் கட்டடத்தில் வேண்டும். நம் சட்டம் காப்பகத்தைக் குறிப்பிடுகிறதே தவிர, பாலை எடுத்துச் சேமிப்பதற்கான அறையை எங்கும் பெயர்சொல்லிக் கேட்கவில்லை.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரையும் இந்த ஏற்பாட்டில் சேர்க்காவிட்டால் பயனில்லை. தாகமாக இருக்கும் என்று தண்ணீரும், வயிறு பொருமுகிறது என்று கிரைப் வாட்டரும், வழக்கம் என்று உரைமருந்தும் கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் தாயிடம் சொல்வதைப் பாட்டியிடமும் உட்கார்ந்து சொன்னால், எடுத்துவைத்த பால் உரிய நேரத்தில் குழந்தையின் வயிற்றுக்குப் போகும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு. வயலில் களையெடுப்பவர், வீட்டு வேலை செய்பவர், தென்காசி, திருநெல்வேலிப் பக்கங்களில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு விடுப்பு என்பது கூலியில்லாத நாட்கள். இவர்களைப் போன்ற ஏழைத் தாய்மாருக்காகத் தமிழ்நாடு நடத்தும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-இல் தொடங்கியது. உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000 ரூபாய், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் என வளர்ந்தது. அத்தொகை பெரிய ஆறுதல்தான். ஆனால் தவணைகளாகப் பிரித்து வழங்கப்படும் அதை வைத்து ஆறு மாதம் வீட்டிலிருக்க முடியாது. நூறு நாள் வேலைத் திட்டத்தின் சட்டத்தில், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு மரநிழலையும் ஒரு நம்பகமான பெண்ணையும் கொண்டே பாலூட்டலைக் காக்கலாம் என்பதை உணர்ந்த விதி அது. மாறாக, மாநிலமெங்கும் பரவியிருக்கும் அங்கன்வாடிகள் பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளையே பகலில் வைத்துக்கொள்கின்றன. தாய் வேலைக்குத் திரும்பும் நான்காவது, ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்கு இடமில்லை. அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டம் ஆறு மாதக் குழந்தையிலிருந்தே சேர்த்துக்கொள்ளும் என்பதால், அதை ஆலைகள் உள்ள வட்டாரங்களில் முதலில் விரிவாக்குவதே முறை.

இனிச் செலவு. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ள, மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறும் பெண்களுக்கு விடுப்புக்கால ஊதியத்தை அந்த நிதியே கொடுக்கிறது. அதற்கு வெளியே உள்ளவர்களுக்கு 26 வார ஊதியம் முழுவதும் முதலாளியின் சுமை. புதிதாகத் திருமணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் போக்குக்கு இது ஒரு காரணமாகிவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, இந்தச் செலவைப் பொது நிதியோ காப்பீடோ ஏற்க வேண்டும், தனி முதலாளியின் தலையில் விடக்கூடாது என்கிறது. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. ஆனால் விடுப்புக்கான செலவையும், வேலைக்குத் திரும்பிய பிறகு தேவைப்படும் செலவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது மிகச் சிறியது. 40 பேர் கொண்ட ஒரு தையல் லைனில் பாலூட்டும் தாய்மார் இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் நாளொன்றுக்கு அரை மணி இடைவேளை இரண்டிரண்டு கொடுத்தால் மொத்தம் 2 மணி நேரம். அந்த லைனின் ஒரு நாள் உழைப்பு 320 மணி நேரம். இழப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. யாரேனும் வராத நாளில் எந்த மிஷினிலும் உட்காரக்கூடிய ஓர் ஆளைப் பல லைன்களில் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அவரை அந்த இரண்டு மணி நேரத்துக்கு மாற்றாக உட்காரவைத்தால் லைன் நிற்காது, பக்கத்தில் இருப்பவருக்குக் கூலி குறையாது, எழுந்து போகும் தாய்க்குக் கூச்சமும் இருக்காது. பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரத்தின் சராசரிக் கூலியைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதையும், இடைவேளை 15 நிமிடமல்ல, 30 நிமிடம் என்பதையும், குழந்தை அருகில் இல்லாதவர் அதே நேரத்தைப் பாலை எடுத்துவைக்கப் பயன்படுத்தலாம் என்பதையும் விதியில் எழுதிவிட முடியும். இடைவேளையின் நீளத்தை விதிகளே வரையறுக்கின்றன என்பதால், இந்த மாற்றத்துக்குச் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை.